வாசகர் கேள்வி பதில்: சபையின் சுவருக்கு அந்தப் பக்கம்

கேள்வி: எங்கள் சபையில் 60 குடும்பங்கள். சத்தம் தாங்க முடியவில்லை என்று தெருக்காரர்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். “ஜெபிக்கவே கூடாதா?” என்று வாலிபர்கள் கொதிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(சபைச் செயலர், சென்னை)

பதில்: ஜெபிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து போன ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ‘இரவு’. முழு இரவு ஜெபம் என்றால் 10 மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு நேர்க்குரலில் தொடருங்கள்.

மொட்டை மாடியில் கூம்புக் குழாய் இருந்தால் இந்த வாரமே இறக்கிவிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒருவருக்கும் அது பயன்படுவதில்லை. உங்கள் கூட்டத்துக்கு இரண்டு ‘காலம்’ (column) ஸ்பீக்கர், அதாவது நெட்டைப் பெட்டி ஸ்பீக்கர், போதும். தலைக்கு மேல் உயரத்தில், முகம் சற்றுக் கீழே சாய்ந்து, முதுகு தெருப் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள்.

சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பாடல் அல்ல, கீபோர்டு ரிதமும் டிரம்ஸும் கிளப்பும் அதிர்வு. தகரக் கூரை அதைத் தடுக்காது. ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் அதிர்வு இன்னும் கூடும், நகர்த்துங்கள். ஒலி மிக்ஸரில் ‘பேஸை’ (bass, அடித்தொனி) குறையுங்கள்.

மிக்ஸர்காரர் மேடை ஓரம், ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவருக்குச் சத்தம் குறைவாகவே கேட்கும், ஏற்றிக்கொண்டே போவார். கடைசி வரிசைக்கு மாற்றுங்கள். ஆராதனை நடுவே ஒருவர் எதிர் வீட்டு வாசலில் நின்று கைப்பேசிச் செயலியில் அளக்கட்டும். துல்லியமாக இருக்காது, ஆனால் ஏற்ற இறக்கம் தெரியும்.

மனுவில் எழுதாத மனக்குறை ஒன்றும் இருக்கலாம். “இந்தத் தெருவின் அந்தகாரக் கட்டுகள் அறுந்துபோகட்டும்” என்று மைக்கில் ஜெபிக்கும்போது, எதிர்த் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு அது தன் வீட்டைச் சொல்வதாகத்தான் கேட்கும். “கல்லையும் மண்ணையும் கும்பிட்டேன்” என்று தொடங்கும் சாட்சியும், கிறிஸ்தவரல்லாதவர்களைக் குறிக்கும் ‘புறஜாதியார்’ என்ற சொல்லும் அப்படியே. உங்கள் காதுக்குப் பழகிய சபைத்தமிழ், அவருக்கு அவமானம். சாட்சி சொல்பவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்; ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மட்டும் சொல்லட்டும். பிறகு ஆயரும் இரண்டு மூப்பர்களும் மனு கொடுத்தவர்களின் வீட்டுக்கு நேரில் போய், ஆராதனை நேரத்தில் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: திருவிருந்து வரிசையில் நின்ற இந்து நண்பரை எல்லோர் முன்பும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எப்படித் தவிர்ப்பது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கோயிலில் பிரசாதம் எல்லோருக்கும் உண்டு. அதே மரியாதையோடுதான் அவர் எழுந்து வந்திருப்பார். தவறு, முன்னதாகச் சொல்லாதவர்களுடையது. அப்பமும் திராட்சை ரசமும் பரிமாறுவதற்கு முன் ஆயர் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: “இது திருமுழுக்கும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கான விருந்து. மற்ற அன்பர்கள் இருக்கையிலேயே அமர்ந்து எங்களோடு ஜெபியுங்கள்.” (திடப்படுத்தல் என்பது, திருமுழுக்குப் பெற்றவர் தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு.) திருமண ஆராதனையில் திருவிருந்தும் இருந்தால், இதை நிகழ்ச்சித் தாளிலும் அச்சிடுங்கள். காணிக்கைப் பை வரும்போது அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல விருந்தினர்கள் அங்கேதான் சங்கடப்படுகிறார்கள். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேக்கோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?
(வாலிபர் சங்கம், மதுரை)

பதில்: கேக் மட்டும் கொடுங்கள். கைப்பிரதியைச் சேர்த்தால் கேக் அதற்கான கூலியாகத் தெரியும். முட்டை சேர்த்த கேக் என்றால் கொடுக்கும்போதே சொல்லுங்கள். சைவ வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் தனிப் பொட்டலமாக இருக்கட்டும். நள்ளிரவுக்கு மேல் டிரம் அடித்துக்கொண்டு தெருவில் போகாதீர்கள். மாலை 6 மணிக்கே கிளம்பி 10 மணிக்குள் முடியும்படி, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.