வெளியூர் மேட்ச்சுக்கு 22 பேர்: முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு ராதாபுரம் வட்டத்தில் கடலோர ஊர். எங்கள் ஊர் கால்பந்து டீம் ஐப்பசியில் ஒரு நாக்-அவுட் போட்டியில் ஆடுகிறது. ஞாயிறு மாலை 4 மணிக்கு ஆட்டம், இடம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர் பக்கம். டீம் தனி வண்டியில் போய்விடும். கூடப் போகிற நாங்கள் 22 பேர். அதில் ஐந்தாறு பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூன்று பெண்கள். மீன் வியாபாரி ஒருவர் டீசல் மட்டும் போட்டால் போதும், லோடு வண்டியைச் சும்மா தருகிறேன் என்கிறார். சிலர் பைக்கில் போவோம் என்கிறார்கள், சிலர் ரயில் என்கிறார்கள். எது நல்லது? அங்கே எங்கே நிற்பது, மேளம் அடிக்கலாமா, ஜெயித்தால் வெடி போடலாமா?

பதில்: தம்பி, போவதைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் திரும்புவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நம் பக்கத்து ஆட்கள் வெளியூர் மேட்ச்சில் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். காலையில் பஸ்ஸுக்கும் குறைவில்லை, உற்சாகத்துக்கும் குறைவில்லை. இரவு ஏழரைக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் மொபைலில் சார்ஜும் இல்லாமல் நிற்கும்போதுதான் யார் எதில் வந்தோம் என்ற பேச்சே வரும். அதனால் ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். வண்டியை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்றைக்கே போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பாதி எத்தனை நிமிடம்? சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் உண்டா, நேராக டை-பிரேக்கரா, அதாவது பெனால்டி உதையா? மைதானத்தில் விளக்கு உண்டா? முழு ஆட்டம் என்றால் 45, இடைவேளை 15, மறுபடி 45. நாலு மணிக்குத் தொடங்கினால் காயத்துக்கான நேரமும் சேர்த்து 5.50 ஆகிவிடும். கூடுதல் நேரம் 30 நிமிடம் சேர்ந்தால் 6.25. டை-பிரேக்கருக்குப் போனால் ஏழு மணியை நெருங்கும். ஐப்பசியில் நம் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விளக்கில்லாத மைதானத்தில் கூடுதல் நேரத்தை விட்டுவிட்டு நேரே டை-பிரேக்கர் வைப்பதும், ஒரு பாதியை 35 நிமிடமாகக் குறைப்பதும் உண்டு. விதி எப்படி என்று முன்பே தெரிந்தால் உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் மிச்சம்.

இதெல்லாம் ஆட்டம் நாலு மணிக்கே தொடங்கினால்தான். சிறப்பு விருந்தினர் வந்து இரண்டு டீமுக்கும் கை கொடுத்து, போட்டோ எடுத்து, பொன்னாடை போர்த்திய பிறகே விசில் ஊதுகிற வழக்கம் நம் மாவட்டங்களில் போகாது. அதற்கென்று அரை மணி நேரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, வண்டி மைதானத்தைவிட்டுக் கிளம்புவது இரவு ஏழே கால், ஏழரை.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

லோடு வண்டி வேண்டவே வேண்டாம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், போலீஸ் பிடித்தால் அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் பணம் வண்டிக்காரர் தலையில் விழும். உங்கள் மேல் உள்ள பிரியத்தில் வண்டி தருகிற அந்த மீன் வியாபாரிதான் கடைசியில் கோர்ட்டுக்கு அலைவார். பயல்கள் கேட்கவில்லை என்றால் அவரிடமே போய் இதைச் சொல்லுங்கள், சாவியை அவரே எடுத்து உள்ளே வைத்துவிடுவார். உதவி செய்தே ஆக வேண்டும் என்றால் வேன் வாடகையில் ஒரு பங்கு தரட்டும்.

பைக்கும் வேண்டாம். போக 80 கிலோமீட்டர் அளவில், வர அதே தூரம். காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போய், மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி இறங்க வேண்டும். ஆடி, ஆவணியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியையே ஒரு பக்கம் தள்ளும். ஐப்பசியில் காற்று அடங்கியிருக்கும், ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். இரவு, மழை, எதிரே வரும் லாரி வெளிச்சம், இரண்டு மணி நேரம் கத்திக் களைத்த உடம்பு. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் தூங்கிவிடுவார் என்பதுதான் எனக்குள்ள பெரிய பயம்.

ரயில் நல்லதுதான், ஆனால் இந்த ஊருக்கு ஒத்துவராது. வள்ளியூர் போய் ஏறி, நாகர்கோவிலில் மாறி, குழித்துறையில் இறங்கினாலும் கடற்கரைக்கு இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவு திரும்புகையில் 22 பேரும் அந்த இணைப்பை நம்பி நிற்க முடியாது. இதே கூட்டம் காயல்பட்டினத்துக்குக் கிளம்பியிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே கோடையில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் நடக்கும் போட்டிக்குத் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயில் பிடித்தால் ஊருக்குள்ளேயே ஸ்டேஷன், வேனே தேவையில்லை. ரயிலில் போகிற நாளில் ஒன்றை நினைவில் வையுங்கள்: 200 கிலோமீட்டருக்குக் குறைந்த முன்பதிவில்லா டிக்கெட்டை வாங்கி மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையிலேயே கவுண்டரில் நிற்கிறோமே, மாலை டிக்கெட்டையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் அந்தப் பணம் போச்சு.

அரசு பஸ் செலவு குறைவு. நாகர்கோவில் வடசேரி போய், மார்த்தாண்டத்தில் மாறிப் போகலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை, ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் புறநகர் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. நாலைந்து பேர் போவதாக இருந்தால் பஸ் போதும் என்பேன். அப்போதும் கடற்கரையிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் கடைசி பஸ் எப்போது என்பதை டீக்கடையில் கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஸ் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆக, உங்களுக்கு வேன்தான். மஞ்சள் போர்டு வேன். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பெர்மிட் மீறல், விபத்து என்றால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். நம்பரை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. 21 சீட் வேனில் 22 பேர் என்றால் ஒரு பையனை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். வேண்டாம். பிள்ளைகளும் ஆள் கணக்குதான். ஒருவரை டீம் வண்டியில் ஏற்றிவிடுங்கள், அல்லது கொஞ்சம் பெரிய வண்டியாகப் பாருங்கள்.

வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, டீசல் யார் பொறுப்பு, டிரைவர் பேட்டா எவ்வளவு, வெயிட்டிங் உண்டா என்பதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டம் டை-பிரேக்கர் வரை போனால் தாமதமாகும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் இரவு டிரைவர் முகம் கோணாது. மேப் சில நேரம் களியக்காவிளை தாண்டிக் கேரளப் பக்கம் புகுந்து வரச் சொல்லும். கேரளப் பெர்மிட் இல்லாத வண்டி என்றால் அந்த வழியைத் தொடக்கூடாது, மார்த்தாண்டத்திலேயே கடற்கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பணத்தை வியாழக்கிழமைக்குள் வசூலியுங்கள். பெயர் கொடுத்தவர்களை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள், பணம் கொடுத்தவர்களை வைத்துப் பிரியுங்கள். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து “எனக்கு ஒரு சோலி இருக்கு” என்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர் பங்கு மற்றவர்கள் மேல் விழக்கூடாது. வராதவருக்குப் பணம் திரும்பக் கிடையாது என்பதை வசூலிக்கும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் இருக்காது.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மதியத்துக்குப் புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். இரவு திரும்பும் வழியில் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ சாப்பிடலாம், நேரம் இருந்தால் நாகர்கோவில் ரசவடையையும் விடாதீர்கள். பெண்களும் பிள்ளைகளும் இருப்பதால் கழிப்பறைக்கு முன்பே வழி பார்க்க வேண்டும். இந்த மாதிரி மைதானங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. மார்த்தாண்டத்துக்கு முன்னே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் பொதுமக்களுக்கு இலவசம், டீசல் போட்டால்தான் என்று இல்லை. வண்டிக்குள் மது பாட்டில் ஏறக்கூடாது என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி மைதானம். தூத்தூரிலிருந்து நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்கள் கால்பந்துக்குப் பேர்போனவை. அங்கே பந்து பார்க்க வருகிற கிழவர்களுக்கே ஆஃப்சைடு எங்கே விழுந்தது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். ரெஃப்ரியைத் திட்டி அவர்களை ஏய்க்க முடியாது. போனவுடன் போட்டி நடத்துகிறவர்களிடம் உங்கள் கூட்டம் எங்கே நிற்கலாம் என்று கேட்டு அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் கேலரி இருக்காது, கயிறு மட்டும் கட்டியிருப்பார்கள். கோலுக்குப் பின்னால் நிற்பதைவிட, உங்கள் டீம் பெஞ்சு இருக்கும் பக்கவாட்டில் நிற்பது நல்லது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மணல் மேடாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் கீழ்மட்ட லீக் மைதானங்கள் பலவற்றில் இரண்டு ஊர் ஆதரவாளர்களையும் பிரித்து வைப்பதில்லை. தங்கள் டீம் கோல் அடிக்கப்போகும் பக்கம் நின்று, இடைவேளையில் இரண்டு கூட்டமும் இடம் மாறிக்கொள்ளும். நம் ஊரில் அந்த நடமாட்டம் வேண்டாம், 22 பேர் ஒரே இடத்தில் நின்றால்தான் எண்ணுவதற்கு எளிது.

மேளம் அடிக்கலாம், கேட்டுவிட்டு. பக்கத்தில் கோயில் இருந்தால் மாலைப் பூசை எப்போது என்று தெரிந்துகொண்டு அந்த நேரம் நிறுத்துங்கள். கேட்டு அடிக்கிற மேளத்துக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளே வந்து கூட ஆடும்.

கொடியும் சட்டையும் டீம் நிறத்தில் மட்டும் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்குக்கூடச் சாதி அர்த்தம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றே 2024இல் பரிந்துரைத்தது. சாதித் தலைவர் படம் போட்ட பனியன், கட்சிக் கொடி, சாதிப் பாட்டு எதுவும் வேனில் ஏறக்கூடாது. பந்துக்காக வரும் தகராறு கை கொடுத்தால் முடிந்துவிடும். இது அப்படி முடியாது.

ரெஃப்ரி தீர்ப்பு தவறு என்று பட்டால் கேப்டனும் மேனேஜரும் பார்த்துக்கொள்வார்கள். புரோட்டஸ்ட் எழுதிக் கொடுக்க முறை இருக்கிறது, அதற்குக் கட்டணமும் கட்டச் சொல்வார்கள். நீங்கள் கயிறு தாண்டி உள்ளே ஓடினால் தண்டனை டீமுக்கு. ஃபிஃபா ஒழுங்கு விதிகளிலேயே ஆதரவாளர் பொருள் எறிந்தாலும் மைதானத்துக்குள் புகுந்தாலும் கழகம்தான் பதில் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்த கழகத்துக்கும் அதே சட்டம்தான். சின்னப் போட்டிகளில் தண்டனை அடுத்த வருடம் அழைப்பு வராமல் போவது.

கடைசி விசில் ஊதியதும் ஒருவர் தலையை எண்ண வேண்டும். அவர் ஆட்டம் பார்க்காத ஆளாக இருந்தால் உத்தமம், உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருப்பாரா என்று தெரியவில்லை. டிரைவர் நம்பரை மூன்று பேராவது மொபைலில் போட்டுவையுங்கள்.

சனிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும் நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டு ஆட்டம் உண்டா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதைப் பார்த்தவர்கள் நாம். மழை பெய்து தள்ளிவைத்தால் வேன் அட்வான்ஸை அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்வாரா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வெடி கேட்டீர்களே. அங்கே போடாதீர்கள், வலையும் ஓலையும் இருக்கிற கடற்கரை அது. ஊருக்கு வந்து போடலாம் என்றால், ஏழரைக்குக் கிளம்பி வழியில் சாப்பிட்டு வந்து சேர இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். பத்து மணிக்கு மேல் வெடிக்கச் சட்டத்தில் இடமில்லை, தூங்குகிற கிழவிகளும் விடமாட்டார்கள். ஜெயித்தால் திங்கள் காலையில் போடுங்கள்.