ஜெலாடாவுக்கு வாழைப்பழம் கொண்டுபோகலாமா?

கேள்வி: டிசம்பரில் எத்தியோப்பியாவின் சிமியன் மலைக்குப் போகிறோம். அங்குள்ள ஜெலாடா குரங்குகள் ஆட்களுக்கு மிக அருகில் வருமாம். பத்து வயது மகனும் உடன் வருவதால் பயமாக இருக்கிறது. வாழைப்பழம் ஏதாவது எடுத்துப் போகலாமா?

பதில்: பழத்தை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஜெலாடா, மாட்டைப் போல் மேய்ந்து பிழைக்கும் குரங்கு. பசுமை இருக்கும் மாதங்களில் அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குவரை புல்தான். புல்லில் சத்துக் குறைவு என்பதால் பகலில் பெரும்பகுதி மேய்ச்சலிலேயே கழிகிறது. நம் ஊர்க் கோயில் குரங்கைப் போல் பையைப் பறிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. தயவுசெய்து நாம் கற்றுக்கொடுக்க வேண்டாம். பார்லி வயலில் இறங்குவதால் உழவர்களின் கோபத்துக்கு அது ஏற்கெனவே ஆளாகியிருக்கிறது.

மகனிடம் அதன் விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் புல்லைத் தாள் தாளாகக் கிள்ளும். கை நிறைந்ததும் வாயில் திணித்துக்கொள்ளும். எழுந்து நடப்பதுகூட அரிது. உட்கார்ந்தபடியே பிட்டத்தைத் தேய்த்து அடுத்த புல்லுக்கு நகரும். பபூன் என்னும் ஆப்பிரிக்கக் குரங்குகளுக்குப் பின்புறத்தில் இருக்கும் சிவப்பு அடையாளம் இதற்கு நெஞ்சில் இருப்பது இப்படி உட்கார்ந்தே வாழ்வதால்தான் என்று கருதப்படுகிறது. மழை செப்டம்பரோடு ஓய்வதால், நீங்கள் போகும்போது புல் காயத் தொடங்கியிருக்கும். மண்ணைக் கிளறி வேரும் கிழங்கும் எடுப்பதையும் காணலாம்.

சாதுதான், ஆனால் ஆணின் கோரைப்பற்கள் மிக நீளம். மேலுதட்டை மூக்கின் மேல் மடித்து ஈறு தெரியக் காட்டினால் அதைச் சிரிப்பு என்று நினைக்காதீர்கள், விலகச் சொல்கிறது. பார்வையைத் தாழ்த்தி மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பம் குடும்பமாக மேயும். ஆணுக்கும் அதன் பெண்களுக்கும் நடுவே புகாதீர்கள். நெருங்கிப் போவதைவிட ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவது மேல். மேய்ந்துகொண்டே அவையே பக்கத்தில் வந்துவிடும்.

இரவில் செங்குத்துப் பாறை விளிம்புகளில் உறங்கி, வெயில் ஏறியபின் மேலே வரும். ஆகவே காலையில் மலை விளிம்பருகே காத்திருங்கள், மகனின் கையைப் பிடித்தபடி.

எனக்குக் குரங்கைவிட உயரம்தான் கவலை. முகாம்கள் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. முதல் நாள் நீண்ட நடை வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.