ஸ்லாட்டிங் அட்டாச்மெண்ட்: வாங்குபவர் கேள்விகள்

கேள்வி: டர்ரெட் மில் (ஹெட்டைச் சாய்க்கக்கூடிய மில்லிங் மெஷின்) வைத்திருக்கிறேன், ஐஎஸ்ஓ 40 ஸ்பிண்டில். வார்ப்பிரும்பு புல்லியில் 8 மி.மீ. கீவே (தண்டோடு பூட்டும் கீ உட்காரும் காடி) போடும் வேலை தொடர்ந்து வருகிறது. ஸ்பிண்டிலிலேயே ஓடும் ஸ்லாட்டிங் அட்டாச்மெண்ட் (டூலை மேலும் கீழும் ஓட்டிக் காடி வெட்டும் இணைப்பு), ஸ்ட்ரோக் (டூல் ஓடும் தூரம்) 100 மி.மீ. என்கிறார்கள். வாங்கலாமா? (கணபதி, கோவை)

பதில்: ஸ்ட்ரோக் இருக்கட்டும். உங்கள் மில்லின் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு? அதை நீங்களும் எழுதவில்லை, விற்பவரும் கேட்கவில்லை. இந்த வகையில் ஹெட்டை 90 டிகிரி சாய்த்து, ஸ்பிண்டிலில் கிராங்க் தட்டைப் பூட்டுகிறோம். ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால் ராம் (டூலைப் பிடித்து ஓடும் பாகம்) ஒருமுறை இறங்கி ஏறும். 80 மி.மீ. ஸ்ட்ரோக்கை 60 ஆர்பிஎம்மில் ஓட்டினால், நடுவழியில் டூலின் வேகம் நிமிடத்துக்கு 15 மீட்டர். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் வார்ப்பிரும்பில் அதைத் தாங்கும். 200 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காத மில்லில் அதுவே 50 மீட்டர். டூல் முனை நிற்காது. ராமை நிறுத்தித் திருப்பும் விசையும் 11 மடங்காகி, ஸ்பிண்டில் பேரிங்கில் போய் இடிக்கும்.

விஎஃப்டி (மின்சார அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் போதும் என்பார்கள். ஹெட்டிலுள்ள பேக் கியர் வேகத்தைக் குறைக்கும்போது முறுக்குவிசையைக் கூட்டித் தரும். விஎஃப்டி அப்படிக் கூட்டாது, மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாவதால் மோட்டார் சூடேறும். பேக் கியரில் 60 முதல் 80 வரை இறங்கும் மில் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: ‘எல்லா மில்லுக்கும் பொருந்தும்’ என்று ஆன்லைனில் ஒன்று பார்த்தேன். நம்பலாமா? (அம்பத்தூர்)

பதில்: பொருந்தாது. ஐஎஸ்ஓ 40 டேப்பரிலேயே (கூம்பு வடிவப் பொருத்து) அதை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபார் மரை சிலவற்றில் எம்16, சிலவற்றில் 5/8 அங்குலம் 11 டிபிஐ (அங்குலத்துக்கு 11 இழை). டேப்பர் உட்காரும், மரை ஏறாது. டேப்பர், மரை, பாடியைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: விலை அதிகம், நானே செய்யப் போகிறேன். என்னென்ன பொருள் வாங்க வேண்டும்? (ஓசூர்)

பதில்: முதலில் விசையைக் கணக்கிடுங்கள். ஸ்டீலில் 8 மி.மீ. அகல டூல் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.1 மி.மீ. வெட்டினால் சுமார் 240 கிலோ விசை வரும். 40 மி.மீ. கிராங்க் ஆரத்தில் அது ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். டேப்பரின் பிடியை மட்டும் நம்பாமல், ஸ்பிண்டில் மூக்கிலுள்ள டிரைவ் கீ தட்டைச் சுழற்றும்படி காடி எடுங்கள்.

கிராங்க் தட்டு ஈஎன்8 ஸ்டீல், 130 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன், ஆரத்தின் திசையில் ஒரு டி-ஸ்லாட். தட்டில் பூட்டும் கிராங்க் பின் ஈஎன்24 ஸ்டீல், ஹார்டன் செய்து கிரைண்ட் செய்தது. பின் பிளாக்குக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ முட்டு கட்டாயம் வேண்டும். நட்டை மட்டும் நம்பினால் ஓட ஓடக் கிராங்க் பின் நழுவி, ஸ்ட்ரோக் மாறி, டூல் கீழே வைஸில் இடிக்கும்.

கனெக்டிங் ராடைக் குட்டையாக்காதீர்கள். 80 மி.மீ. ராட் நடுவழியில் 30 டிகிரி சாய்ந்து, 240 கிலோவுக்கு 140 கிலோவை ராமின் பக்கவாட்டில் தள்ளும். 160 மி.மீ. ராட் என்றால் 60 கிலோ சொச்சம்தான். ராம் வழித்தடம் ஸ்ட்ரோக்கைப் போல இரண்டு மடங்கு நீளம், ஜிப் (வழித்தடத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) ஆட்டம் 0.02 மி.மீ.

புஷ் (பின் சுழலும் உருளைக் குழாய்) விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) என்று விலை வாங்கிக்கொண்டு பித்தளை ராடை வெட்டித் தருகிறார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள். சந்தையில் கிடைக்கும் எல்ஜி2 கன்மெட்டலில் செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 சதவீதம். லேத்துக்கென்று விற்கும் பித்தளையில் துத்தநாகமே கிட்டத்தட்ட 40 சதவீதம். திசை மாறி மாறி அடிக்கும் பின்னில் அது சீக்கிரம் தேய்ந்து, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ‘டக்’ என்று தட்டும். கடையிலேயே அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். கன்மெட்டல் செம்மை கலந்து தெரியும், பித்தளை பளிச்சென்று மஞ்சளடிக்கும். பெரிய அளவில் வாங்கினால் சின்னத் துண்டை உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுங்கள். பில்லில் ‘எல்ஜி2’ என்று எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

டூல் ஏறும்போது பின்னால் உரசாமலிருக்க ஸ்பிரிங் வைத்த கிளாப்பர் (டூலை விலக விடும் கீல்) நல்லது. 25 மி.மீ.க்குக் குறைந்த துளையில் அதற்கு இடம் இருக்காது. டூல் மேலே இருக்கும்போது மட்டும் ஃபீட் கொடுங்கள்.

கேள்வி: முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன், பில் வாங்கவில்லை. வந்தபின் பார்த்தால் ராம் கால் மில்லிமீட்டர் ஆடுகிறது. (திருப்பூர்)

பதில்: 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் போய், கையில் ஆதாரமில்லாமல் நிற்கிறீர்கள். ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணம் ஏன் அனுப்பினீர்கள்? பணம் போன பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள், உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். ஜிப்பை இறுக்கிப் பாருங்கள். இரண்டு முனையிலும் இறுகி நடுவில் ஆடினால் வழித்தடம் தேய்ந்த சரக்கு. கிரைண்ட் செய்து புது ஜிப் போடாமல் சரியாகாது.

கேள்வி: ‘ரீகண்டிஷன்’ என்று பில்லோடு வாங்கினோம். பெயிண்ட் உரிந்ததும் பாடியில் விரிசலை வெல்ட் செய்தது தெரிகிறது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்கிறார் கடைக்காரர். பட்டறையில் நானும் என் கணவரும் மட்டும்தான். (ராணிப்பேட்டை)

பதில்: அம்மா, அவர் சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது, உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. வெல்டிங்கைப் படமெடுங்கள், பில் நகலோடு பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு தாண்டக் கூடாது. அதுவரை அந்தப் பாடியை ஓட்டாதீர்கள். வெல்ட் செய்த வார்ப்பிரும்பு அதே ஓரத்தில் மறுபடி விரியும்.

கேள்வி: 25 மி.மீ. துளையில் சரியாக 3.3 மி.மீ. ஆழம் இறக்கியும் 8x7 கீ ஏறவில்லை. அட்டாச்மெண்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? (சிங்காநல்லூர்)

பதில்: கொடுக்காதீர்கள், அதில் குற்றமில்லை. தட்டையான டூலின் இரண்டு மூலைகள்தான் வளைந்த சுவரை முதலில் தொடும். அங்கே ஜீரோ வைத்தால் 0.66 மி.மீ. குறையும். தொட்ட இடத்திலிருந்து 3.96 இறக்குங்கள். துளையின் எதிர்ச் சுவரிலிருந்து கீவே அடிவரை 28.3 வர வேண்டும், வெர்னியரில் அதைத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: மாதத்துக்கு இரண்டு மூன்று கீவேதான், எல்லாம் ஒரே அளவு. எந்த அட்டாச்மெண்ட் வாங்கலாம்? (கரூர்)

பதில்: எதுவும் வேண்டாம். அந்த அளவுக்கு ஒரு புஷ் புரோச் (அழுத்தித் தள்ளினால் காடி வெட்டும் பல்வரிசைக் கம்பி), அதை வழிநடத்தும் குழாய்ப் புஷ், ஷிம் தகடுகள், ஒரு ஆர்பர் பிரஸ் (கையால் அழுத்தும் பிரஸ்) போதும்.