ரீசஸ் குரங்குக்கு இருக்கு, நமக்கு ஏன் இல்ல?

கேள்வி: என் பையன் பயாலஜி படிக்கிறான். ரீசஸ் குரங்குக்கு ஹெச்ஐவி தொத்தாதுன்னு சொல்றான். அதுக்கு இருக்கிற தடுப்பு மனுசங்களுக்கு மட்டும் ஏன் இல்லாமப் போச்சு?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பையன் சொன்னது சரிதாம்மா. மனுசங்ககிட்ட பரவுற ஹெச்ஐவி-1 ரீசஸ் குரங்கோட செல்லுக்குள்ள நுழைஞ்சாலும் அங்கயே மாட்டிக்கும். ஆனா நமக்கு அந்தத் தடுப்பே இல்லைன்னு சொல்ல முடியாது, இருக்கு, இந்த வைரஸ்கிட்ட சரியா வேலை செய்யல, அவ்ளோதான்.

சயான் ஸ்டேஷன் வாசல்ல பேப்பரைச் சுருட்டி கடலை மடிச்சுத் தருவாங்கல்ல, ஹெச்ஐவியோட உள்கூடு கிட்டத்தட்ட அந்த ஷேப்தான். அதுக்குள்ள ஆர்என்ஏ இருக்கும், அதை டிஎன்ஏவா மாத்தி நம்ம டிஎன்ஏக்குள்ளயே சொருகிடும், ரெட்ரோவைரஸோட வேலையே இதுதான். நான் சொன்ன தடுப்பு, செல்லுக்குள்ள இருக்கிற ட்ரிம்5ஆல்ஃபாங்கிற புரோட்டீன்தான். அது அந்தக் கூம்பு மேல வலை மாதிரி படிஞ்சு, உள்ள இருக்கிறது வேலையை முடிக்கிறதுக்குள்ளயே கூட்டைக் குலைச்சுடும். குரங்குல இதைக் கண்டுபிடிச்சது 2004-ல. அடுத்த வருஷமே தெரிஞ்சது என்னன்னா, நம்ம புரோட்டீன்ல 332-வது இடத்துல இருக்கிற ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்தை எடுத்துட்டு புரோலினை வெச்சா அதுவும் ஹெச்ஐவியைத் தடுக்க ஆரம்பிச்சுடுது. ஒரே ஒரு அமினோ அமிலம்மா! இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

அப்போ அந்த இடம் ஏன் இப்படி இருக்கு? ஹெச்ஐவி சிம்பன்சிகிட்டருந்து நம்மகிட்ட வந்து சுமார் 100 வருஷம்தான் ஆகுது, அதுக்காக இந்தப் புரோட்டீனைச் செய்யுற ட்ரிம்5 ஜீன் மாறியிருக்க சான்ஸே இல்ல. நம்ம பவாய் ஐஐடியில படிச்ச விஞ்ஞானி ஹர்மித் மாலிக்கும் சியாட்டில்ல அவர்கூட வேலை பாக்குறவங்களும் பல குரங்கினங்களோட ட்ரிம்5 ஜீனை வரிசையா வெச்சுப் பாத்தாங்க. வைரஸைப் பிடிக்கிற அந்தச் சின்னப் பகுதி மட்டும் கோடிக்கணக்கான வருஷமா விடாம மாறிட்டே வந்திருக்கு, ஏன்னா வைரஸ் கூட்டை மாத்தும், ஜீன் பிடியை மாத்தும், மறுபடி வைரஸ் மாத்தும். பழைய எதிரிக்காகத் தீட்டின கத்தி புது எதிரிகிட்ட மழுங்கலா இருக்குது, நான் இதை அப்படித்தான் பாக்குறேன். அந்தப் பழைய எதிரி யாருங்கிறதுலதான் தகராறு. சிம்பன்சி, கொரில்லா டிஎன்ஏவுல இருக்கிற, நம்மகிட்ட இல்லாத ஒரு பழைய வைரஸைத்தான் நம்ம ட்ரிம்5 அப்போ தடுத்துச்சுன்னு 2007-ல மாலிக் குழு சொன்னாங்க, பின்னாடி வந்த இன்னொரு ஆய்வு அதை ஒத்துக்கல.

நம்ம டிஎன்ஏவுல சுமார் 8 சதவீதம் இப்படி எப்பவோ நுழைஞ்ச ரெட்ரோவைரஸ்களோட மிச்சம்தான். அந்தக் காலத்துக் கதைன்னு விட்டுடாதீங்க, ஆஸ்திரேலியாவுல கோலாங்களுக்கு இது இப்போ நடந்துட்டிருக்கு, வடக்குப் பக்கத்துக் கோலாங்களுக்கு ஒரு ரெட்ரோவைரஸ் பிறக்கும்போதே டிஎன்ஏவோட வந்துடுது, தெற்குல இன்னும் எல்லாத்துக்கும் போய்ச் சேரல.