கார்டு அப்புறம், எஸ்எம்பிஎஸ் முதலில்

பொருள் வாங்கும் முன்: கேள்வி - பதில்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் கேம் விளையாட 'ஆர்டிஎக்ஸ் 3060' கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பழையது 17 ஆயிரத்துக்குக் கிடைக்கிறதாம். வீட்டில் இருப்பது இன்டெல் ஐ5 நாலாம் தலைமுறை (4570), எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம். இப்போது வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுகிறான். ஜிடிஏ 6 வந்தாலும் இந்தக் கார்டே போதும் என்கிறான். மொத்தம் 30 ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன். வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு அப்பச்சி, தேவகோட்டை

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. 3060 மோசமான கார்டு இல்லை. 12 ஜிபி மெமரி உள்ள நல்ல கார்டுதான். ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியில் அதை மாட்டினால் பாதி நேரம் சும்மா இருக்கும்.

முதலில் மகனை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வாலரன்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு கேமில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைக்கட்டும். படம் மங்கலாகியும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற எண்ணிக்கை) ஏறவில்லை என்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. எந்தக் கார்டும் அதைச் சரிசெய்யாது. வாலரன்ட் இயல்பிலேயே பிராசஸரை நம்பி ஓடும் கேம். 2013-ல் வந்த நாலு கோர் பிராசஸர் அங்கே மூச்சு வாங்கும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. இதைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை, கார்டைப் பற்றியே எழுதுகிறார்கள். உங்கள் கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், பக்கத்தில் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் +12V என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசஸரும் உயிர்வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். 3060-க்கு 170 வாட், உங்கள் 4570-க்கு 84 வாட். கூட்டினால் 254. கணக்கு உதைக்கிறதா? இதற்குக் கடையில் ஒரு வழி சொல்வார்கள்: "கன்வர்ட்டர் கேபிள் போட்டுக்கலாம் சார்." பழைய நாலு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து கார்டுக்கு எட்டு பின் எடுக்கும் கேபிள் அது. அந்த முனைதான் உருகும், கருகும். வேண்டவே வேண்டாம்.

ஜிடிஏ 6 விஷயத்தில் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நான் இதை எழுதும் வரை அந்த கேம் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எப்போது, என்ன கார்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேதியே இல்லாத கேமுக்கு இன்று கார்டு வாங்குவது, பெண் பார்க்காமலே கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிற கதை.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆக, இந்தப் பெட்டியில் எவ்வளவு போட்டாலும் அடித்தளம் பழையது.

என் யோசனை: இந்த 30 ஆயிரத்தில் அடித்தளத்தை மாற்றுங்கள். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசஸர், அதற்கேற்ற பி450 அல்லது பி550 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினெட், மானிட்டர், எஸ்எஸ்டி எல்லாம் பழையதே போதும். 5600ஜி-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டே இல்லாமல் வாலரன்ட் சுகமாக ஓடும். ஜிடிஏ 5-ஐ செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்து ஆடலாம். ரேம் கட்டாயம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஒற்றைக் குச்சி போட்டால் வேகம் படுத்துவிடும். பழைய டிடிஆர்3 ரேம் இதில் பொருந்தாது.

ஒரு சங்கடம் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன, நம் பங்குக்கு மிச்சம்தான். அதனால் 30 ஆயிரம் இழுபறியாக இருக்கலாம். அப்படியானால் ரேமை மட்டும் செகண்ட் ஹேண்டில் எடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கத் துணியக்கூடிய பாகம் அதுதான். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள், அது புதிதாகவே இருக்கட்டும்.

கார்டு அடுத்த வருஷம். அப்போது 8 ஜிபி மெமரிக்குக் குறைந்து எதையும் பார்க்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 மாதிரி 132 வாட்டில் ஓடும் கார்டு இந்த அமைப்புக்குச் சரியாக இருக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது போர்டோடு நாலே லேனில் (தரவு போகும் பாதையில்) பேசும் கார்டு. 5600ஜி தருவது பிசிஐஇ 3.0 என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பு மட்டும்தான் என்பதால் அங்கே இன்னும் நொண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. முதலாவது 130 வாட், இரண்டாவது 70 வாட். இரண்டாவதில் மெமரி மட்டுமல்ல, சிப்பின் பலமும் குறைவு. பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சமூக வலைத்தளக் குழு ஒன்றில் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். கூரியரில் வந்தது. விண்டோஸில் 1050 டிஐ என்றுதான் காட்டுகிறது. ஆனால் புது டிரைவர் ஏறவில்லை, கேம் திறந்தாலே மூடிக்கொள்கிறது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.
- பாலிடெக்னிக் மாணவர், பள்ளத்தூர்

தம்பி, 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திற. பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பத்து வருஷத்துக்கும் மேலான பழைய சிப்புகளில் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, புதுப் பெயர் சூட்டி விற்கும் வேலை பல காலமாக நடக்கிறது. விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே வாசித்துக் காட்டும். கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ முனை இருக்கிறதா பார். 1050 டிஐ சிப்பே அனலாக் சிக்னல் தராது. அந்தப் பெயரில் விஜிஏ முனையோடு கார்டு வந்தால் அது பெரும்பாலும் வேஷம்.

பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930-க்கு உடனே பேசு. அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ, பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. நுகர்வோர் ஆணையம் இதில் பெரிதாக உதவாது. விற்றவர் வியாபாரி இல்லை, தனியாள்.

இனிமேல் பழைய கார்டு வாங்குவதானால் விற்பவர் வீட்டுக்கே போ. பஸ் ஸ்டாண்டில் கைமாற்றும் பேச்சே கூடாது. அவர் கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் கேம் ஓடட்டும். திரையில் கோடு, புள்ளி, கட்டம் தெரிகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார். 'மைனிங்கில் ஓடின கார்டா?' என்று கேள். கார்டை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பதுதான் மைனிங். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியதும் மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஃபேனும் தெர்மல் பேஸ்டும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாக ஓடுகின்றன. ஆனால் அதைச் சொல்லாமல் மறைப்பவரிடம் வாங்காதே. 'ஆர்எக்ஸ் 580' என்று வந்தால் '2048எஸ்பி' என்ற வால் இருக்கிறதா பார்த்துக்கொள். அது 580 வேஷம் போட்ட 570.

எங்களுடையது பழைய வீடு. இரண்டாங்கட்டில் ஒரு அறையில் கம்ப்யூட்டர். புதுக் கார்டு போட்டதிலிருந்து கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. கார்டில் கோளாறா? 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது, போதுமா?
- கானாடுகாத்தான் வாசகர்

கார்டு நிரபராதி. எர்த் இல்லை. அறையில் இரண்டு பின் சாக்கெட்டா, அல்லது மூன்று ஓட்டை இருந்தும் மேல் ஓட்டைக்குக் கம்பி வராத சாக்கெட்டா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகச் சிறியது, அதனால்தான் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் மானிட்டர் கேபிளைச் செருகும் நேரத்தில் அதே கசிவு ஹெச்டிஎம்ஐ போர்ட்டைத் தீர்த்துக்கட்டக் கூடும். உங்கள் புதுக் கார்டுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

முழு வீட்டுக்கும் வயரிங் மாற்ற வேண்டுமென்றால் பங்காளிகள் அத்தனை பேரையும் கேட்க வேண்டும், சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், அதெல்லாம் நடக்கிற காரியமா! தேவையும் இல்லை. மீட்டர் போர்டிலிருந்து அந்த அறைக்குத் தனியாக ஒரு லைன், கூடவே எர்த் கம்பி. சுவரை வெட்ட விடாதீர்கள். சுண்ணாம்பும் முட்டையும் சேர்த்துப் பூசிய பூச்சை இன்று திருப்பிச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். சுவருக்கு வெளியே பிவிசி பைப்பில் இழுக்கலாம். பின்கட்டுத் தோட்டத்தில் எர்த் குழி போடச் சொல்லுங்கள். நம் செம்மண் பூமி கோடையில் காய்ந்து கல்லாகிவிடும், குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால்தான் எர்த் வேலை செய்யும். லைனில் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருக்கட்டும். எலெக்ட்ரீஷியன் 'நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே சேர்த்துடலாம்' என்றால் அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. 130 வாட் ரகமென்றால் கேமை மூடி, ஷட் டவுன் செய்யும் அளவுக்கு ஓடும். 200 வாட்டைத் தாண்டினால் கரண்ட் போன நொடியே யூபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணையலாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையா என்று பார்த்து, பின்னால் இருக்கும் ஸ்விட்சை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளுங்கள்.

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வரும்போது மகளுக்காக அங்கிருந்து கார்டு வாங்கி வரட்டுமா என்கிறான். லாபமா?
- காரைக்குடி வாசகி

ஆச்சி, முதலில் விலை வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று ஆயிரம்தான் மிச்சமென்றால் இங்கேயே வாங்குங்கள். பல நிறுவனங்கள் கார்டின் கேரண்டியை வாங்கிய நாட்டோடு நிறுத்திவிடும். இரண்டாம் வருஷம் கார்டு படுத்தால் தம்பியின் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டியதுதான். வித்தியாசம் பெரிதாக இருந்து அவர் கொண்டுவருவதானால், கடை பில் கையில் இருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். கார்டை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். மகளின் கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் நீளக் கார்டு நுழையும் என்று இப்போதே ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பிவிடுங்கள். மூன்று ஃபேன் கார்டு 30 சென்டிமீட்டரையும் தாண்டும்.

வெளிமாநில ஆன்லைன் கடையில் வாங்கிய புதுக் கார்டு முதல் நாளிலேயே டிஸ்ப்ளே தரவில்லை. திருப்பி அனுப்பினால் 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று சொல்லி மாற்றித்தர மறுக்கிறார்கள். வழக்குப் போட அந்த ஊருக்கா போக வேண்டும்?
- புதுவயல் வாசகர்

போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது சிவகங்கை மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் இரண்டு படி. கடையின் இணையதளத்தில் குறைதீர் அலுவலர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அவருக்கு மெயில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நகரவில்லை என்றால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

'டேமேஜ்' எங்கே என்று படத்தோடு எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னதை வைத்து எந்த ஆணையமும் தீர்ப்பெழுதாது. பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் உங்கள் கை ஓங்கும். முகவரி ஸ்டிக்கரில் தொடங்கி, சீரியல் எண் தெரிய, இடையில் வெட்டாமல் எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும்.

கார்டு மாட்டியும் திரை கருப்பாகவே இருக்கிறது. என் மானிட்டரில் நீல விஜிஏ முனை மட்டும்தான்.
- கோட்டையூர் மாணவி

இப்போது வரும் கார்டுகளில் விஜிஏ இல்லை. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிறு அடாப்டர் சில நூறு ரூபாய்தான், உள்ளே சிப் உள்ள 'ஆக்டிவ்' வகை என்று கேட்டு வாங்கு. அது இருந்தும் கருப்பென்றால், கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறாயா, கார்டில் செருகியிருக்கிறாயா என்று பெட்டிக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுது.