ஃபிக்மாவில் யாருக்கு எந்த அனுமதி? – கேள்வி பதில்

ஆப், வெப்சைட் திரைகளைப் பலர் சேர்ந்து வடிவமைக்கும் ஆன்லைன் மென்பொருள்தான் ஃபிக்மா. டிசைன் டீம்களின் ஃபிக்மா கணக்குகளைப் பார்த்துக்கொள்வது ஏழு வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் டெவலப்பருக்கு ஃபைலில் எடிட் அனுமதி கொடுத்தேன். ஆனாலும் அவரால் ஒரு பட்டனைக்கூட நகர்த்த முடியவில்லை. ஏன் சார்?

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். இங்கே பூட்டு இரண்டு. ஒன்று ஃபைலின் அனுமதி, இன்னொன்று அந்த ஆளுக்குக் கொடுத்திருக்கும் சீட், அதாவது ஃபிக்மாவில் அவர் என்னென்ன செய்யலாம் என்ற உரிமம். 2025 மார்ச்சில் சீட்டுகளை ஃபுல், டெவ், கொலாப், வியூ என்று மாற்றினார்கள். வியூ இலவசம், பார்க்கலாம், கமெண்ட் போடலாம், அவ்வளவுதான். டீமின் டிசைன் ஃபைலைத் திருத்த ஃபுல் சீட் வேண்டும். ஆனால் உங்கள் டெவலப்பருக்குத் திருத்தும் வேலை உண்டா? அளவும் நிறமும் எடுத்து கோட் எழுதுபவர் என்றால் டெவ் சீட்டே போதும், விலையும் குறைவு. சீட் கேட்டுக் கோரிக்கை வந்தால் அட்மின் இதை யோசித்துவிட்டுத்தான் ஓகே அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஓகேயும் பில்லில் வந்து நிற்கும்.

ஒரு வாரத்துக்கு மட்டும் ஃப்ரீலான்ஸர் வருகிறார். டீமில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். டீமில் கொடுத்த அனுமதி ப்ராஜெக்டுக்கும் (ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் ஃபோல்டர்), அங்கிருந்து ஃபைலுக்கும் தானாக இறங்கும். தனியாகப் பூட்டி வைக்காத ப்ராஜெக்ட் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும். முன்பு நான் இருந்த இடத்தில், லோகோ திருத்த வந்த ஒருவரை அவசரத்தில் டீமிலேயே சேர்த்துவிட்டோம். அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார்: "அண்ணா, வேறொரு கிளையன்ட் பெயரில் இன்னும் வெளிவராத ஆப் ஸ்கிரீன் எல்லாம் எனக்குத் தெரியுது, பாத்துக்கோங்க." நல்ல மனிதர், சொன்னார். அதிலிருந்து வெளியாட்களுக்கு அந்த ஒரு ஃபைலின் ஷேர் பெட்டியில்தான் பெயர் சேர்க்கிறேன்.

வேலையை விட்டுப் போனவரை டீமிலிருந்து நீக்கினால் அவர் செய்த ஃபைல்கள் போய்விடுமா?

டீம் ப்ராஜெக்டில் இருப்பவை அங்கேயே இருக்கும். டிராஃப்ட்ஸில், அதாவது அவருடைய சொந்த வரைவுகள் பகுதியில் வைத்திருப்பவற்றை அவர் இருக்கும்போதே ப்ராஜெக்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், அவர்தான் டீமின் ஓனர் என்றால் முதலில் ஓனர் பொறுப்பை மாற்றிவிடுங்கள். ஒரு டீமுக்கு ஓனர் ஒருவர்தான். அட்மின்கள் எத்தனை பேரும் இருக்கலாம், இரண்டு பேராவது இருக்கட்டும். தயவுசெய்து சொந்த ஜிமெயிலில் யாரும் ஆபீஸ் டீமைத் தொடங்காதீர்கள். ஆபீஸ் மெயில் என்றால் பாஸ்வேர்டை நிறுவனமே மீட்டுக்கொள்ளலாம்; ஜிமெயில் என்றால் போனவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

இன்னொன்று: லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று விட்ட ஃபைல், ஆளை நீக்கினாலும் அவருக்குத் திறக்கும். லிங்க் அமைப்பையும் மாற்றுங்கள்.

கிளையன்ட் பார்க்க மட்டும் வேண்டும். காப்பி எடுக்காமல் தடுக்க முடியுமா அண்ணா?

கட்டணத் திட்டங்களில் முடியும். பார்வையாளர்கள் காப்பி, எக்ஸ்போர்ட் செய்யலாம் என்ற தேர்வை ஷேர் அமைப்பில் எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க வழி இல்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பேஜையே அழித்துவிட்டான்!

அவனைத் திட்டாதீர்கள், ஃபைலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். இலவசத் திட்டத்தில் 30 நாள்வரைதான் பின்னால் போக முடியும். இன்றே மீட்டுவிடுங்கள்.