தறி ஓடினால் தூக்கம், மிக்ஸி ஓடினால் அழுகை

விசைத்தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும், ஆட்டிசம் உள்ள ஐந்து வயது மகன், மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா? (கொண்டலாம்பட்டி வாசகி)

இல்லைங்க. தறி ஒரே தாளத்தில் ஓடும்; அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும். மிக்ஸி சொல்லாமல் கொள்ளாமல் கத்தும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குச் சத்தம் திடீரென்று வருவதே பெரும் பாடு. கரண்ட் போய்த் தறி நின்றால் அழுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதே கதைதான். காலி ஜாரை மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு, இரண்டே விநாடி ஓட்டி நிறுத்துங்கள். சில நாளில் ஸ்விட்சை அவனே போடட்டும். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவன் வாசலில் விளையாடும்போது சட்னி அரைத்தால் குடியா முழுகிவிடும்?

இரண்டரை வயதாகியும் பேச்சில்லை. "அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வேண்டாம். பெயர் சொன்னால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் நாளைக்கே கிளம்புங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு. மாமியாரிடம் வாதாட வேண்டாம். "காது கேட்கிறதா பார்த்துட்டு வரலாம் அத்தை" என்று அவரையும் கூட்டிப் போங்கள். முதல் சோதனை பெரும்பாலும் அதுதான்.

மகனுக்கு ஆட்டிசம் தடுப்பூசியால் வந்ததா? சின்னவளுக்கு ஊசி போடலாமா?

இல்லை. அப்படிக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. சின்னவளுக்கு ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தெரபி செலவு தாங்கவில்லை.

மாற்றுத்திறனாளி சான்று வாங்கியதும் மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவுக்குக் கிடைக்கும். தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சேர்ந்த பிறகு ஒரு ரசீதையும் தொலைக்காதீர்கள்.

கோடை விழாவுக்கு ஏற்காடு கிளம்பி, மகள் கத்தியதில் பாதி மலையிலேயே திரும்பிவிட்டோம். இனி போகவே முடியாதா?

போகலாம், விழாக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அட்டையில் 20 கட்டம் போட்டுக் கொடுத்து, வளைவுக்கு ஒன்றாக அடிக்கச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதிக் கலக்கம் போய்விடும். காது அடைத்தால் ஒரு மடக்குத் தண்ணீர். என்னிடம் வரும் பையன் ஒருவன், வேன் மறைத்ததால் ஒரு வளைவின் எண் பலகையைப் பார்க்காமல் விட்டுவிட்டு அழுதே தீர்த்துவிட்டான். அவன் அப்பா மறுபேச்சு பேசாமல் வண்டியைத் திருப்பி, அந்தப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் மேலே போனாராம்.